கணினியில் பாட்டு கேட்க எளிமையான பிளேயர்: எதை வைத்துக்கொள்ளலாம்?

பாட்டைத் திறந்தால் உடனே ஒலிக்க வேண்டும். அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிய வேண்டும். வேறு வேலை பார்க்கும்போது குறுக்கே வரக் கூடாது. மேசைக் கணினியில் பாட்டு கேட்பவர்கள் ஒரு பிளேயரிடம் எதிர்பார்ப்பது பெரும்பாலும் இவ்வளவுதான். ஆனால் இன்று கிடைக்கும் பல பிளேயர்கள் திறந்ததும் ஒரு முகப்பைக் காட்டுகின்றன, கணக்கு தொடங்கச் சொல்கின்றன, நாம் கேட்காத யாரையோ பரிந்துரைக்கின்றன. நம் வட்டில் நாமே ஆசையாகச் சேர்த்து வைத்த பாட்டு எந்த மூலையில் இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது.

இந்த ஒப்பீடு சொந்தக் கோப்புகளை வைத்துக் கேட்பவர்களுக்கானது. சிடியிலிருந்து எடுத்தவை, வாங்கி இறக்கியவை, பழைய ஒலிநாடாவிலிருந்து மாற்றியவை என எப்படிச் சேர்ந்திருந்தாலும் சரி. பிளேயர்களை வரிசையாக நிறுத்தி மதிப்பெண் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒருவர் தினமும் பயன்படுத்தும் வசதி இன்னொருவருக்குச் சுமை. எந்தப் பிளேயர் என்று பார்ப்பதற்கு முன்னால், உங்கள் பாட்டுகளை நீங்கள் மனதில் எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று யோசியுங்கள். ஃபோல்டர்களாகவா? அல்லது பாடகர், ஆல்பம், ஆண்டு என்ற பட்டியலாகவா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதிப் பிளேயர்கள் தாமாகவே கழிந்துவிடும்.

எடை எங்கிருந்து வருகிறது

எம்பி3 கோப்பைப் பிரித்து ஒலியாக்குவது இன்றைய கணினிக்கு ஒரு வேலையே இல்லை. 1997-இல் விண்ஆம்ப் என்ற பிளேயர் வந்த காலத்தில் அதற்கே ப்ராசஸரின் கணிசமான பங்கு போய்விடும். இப்போது பத்தாண்டுப் பழைய மடிக்கணினியில்கூட அது கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஃபிளாக் போன்ற, தரம் குறையாத வடிவங்களைப் பிரிப்பது அதைவிடவும் லேசு. ஆகவே ஒரு பிளேயர் கனமாக இருந்தால் அதற்குப் பாட்டு காரணமில்லை, பாட்டைச் சுற்றிக் கட்டியிருப்பவைதான் காரணம்.

அதில் பெரிய பங்கு, பிளேயருக்குள் ஒளிந்திருக்கும் பிரவுசர். எலக்ட்ரான் என்ற அடித்தளத்தில் எழுதிய செயலிகள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு முழு குரோமியம் பிரவுசரைச் சுமந்து வருகின்றன. ஒரு பாட்டும் ஓடாத நிலையிலேயே அவை நூற்றுக்கணக்கான மெகாபைட் ரேமைப் பிடித்துக்கொள்ளும். அந்தந்த இயங்குதளத்துக்கென்றே சி, சி++ மொழிகளில் எழுதிய பிளேயர் சில பத்து மெகாபைட்டிலேயே இதே வேலையைச் செய்துவிடும்.

அடுத்தது ஆல்பம் படங்கள். நீளமும் அகலமும் மூவாயிரம் பிக்சல் உள்ள ஓர் அட்டைப்படம் வட்டில் ஓரிரு மெகாபைட்தான் இருக்கும். ஆனால் திரையில் காட்டுவதற்காக விரித்தால், ஒரு பிக்சலுக்கு 4 பைட் வீதம், 36 மெகாபைட் ஆகிவிடுகிறது. நல்ல பிளேயர் அதைச் சிறிதாக்கிச் சேமித்து வைத்துக்கொள்ளும். அப்படிச் செய்யாத பிளேயரில் ஆல்பம் கட்டங்களை உருட்டிப் பாருங்கள், திணறுவது தெரியும். அப்புறம், திறக்கும்போதெல்லாம் மொத்தத் தொகுப்பையும் புதிதாக ஆராயும் பழக்கம். பாட்டுகள் வெளி வட்டிலோ நெட்வொர்க்கிலோ இருந்தால் இந்த ஒன்றே போதும், பொறுமை போய்விடும்.

ரேம் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரே நிரல் நூலகக் கோப்புகளைப் பல செயலிகள் பகிர்ந்துகொள்வதால் அந்த எண் பல நேரம் சரியான படத்தைத் தராது. நான் பார்ப்பது வேறு இரண்டு: ஐகானைத் தட்டியதிலிருந்து முதல் ஒலி காதில் விழும்வரை ஆகும் நேரம்; மனதில் தோன்றிய ஒரு பாட்டைக் கண்டுபிடிக்கத் தேவைப்படும் தட்டல்கள். இந்த இரண்டும் குறைவாக உள்ள பிளேயர்தான் என் கணக்கில் லேசானது.

ஃபோல்டர் மனமா, பட்டியல் மனமா

சிலர் தங்கள் பாட்டுகளை இருக்கும் இடத்தால் அறிவார்கள். இந்த ஃபோல்டர் கச்சேரிப் பதிவுகள், அது நண்பர் தந்தது, இது எழுதும்போது கேட்பதற்கு. அவர்களுடைய கோப்புகளில் டேக் (பாடகர், ஆல்பம் போன்ற விவரங்களைக் கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கும் குறிப்பு) இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பெயரே 'டிராக் 01' என்றுகூட இருக்கலாம், அவர்களுக்குக் கவலையில்லை. இப்படிப்பட்டவருக்கு நூலகம் வைக்கும் பிளேயரைக் கொடுத்தால் 'பெயர் தெரியாத பாடகர்' என்ற தலைப்பின் கீழே எல்லாவற்றையும் கொட்டிவிடும். அவர் பல காலம் பொறுமையாகக் கட்டிய ஒழுங்கு ஒரு நொடியில் காணாமல் போகும். கோப்பு அங்கேயே இருக்கும். ஆனால் திரையில் அவருக்குத் தெரிந்த உலகம் இருக்காது.

இன்னும் சிலர் டேக்குகளைக் கவனமாக நிரப்பி வைத்திருப்பார்கள். ஆயிரக்கணக்கான பாட்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஆண்டு, இசையமைப்பாளர், வகை எல்லாம் சரியாக இருக்கும். 1990-க்கு முன் வந்தவற்றில் இதுவரை ஒருமுறைகூடக் கேட்காதவை எவை என்று அவர்கள் கேட்பார்கள். ஃபோல்டர் பிளேயரால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. இவர்களிடம் போய் வெறும் பிளேலிஸ்ட் மட்டும் உள்ள பிளேயரை லேசானது என்று பரிந்துரைப்பது உதவியே அல்ல.

டேக் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழில் பெயர் வைத்திருப்பவர்கள் இதில்தான் இடறுகிறார்கள். எம்பி3 கோப்புகளின் டேக் முறையான ஐடி3-யின், 1996-இல் வந்த முதல் வடிவம் கோப்பின் கடைசி 128 பைட்டில் எல்லாத் தகவலையும் அடக்கியது. பாட்டின் பெயருக்கு 30 இடங்கள்தான், அதுவும் ஆங்கில எழுத்துகளை மனதில் வைத்தது. இரண்டாம் வடிவத்தில்தான் யூனிகோடு வந்தது. 2.3 பதிப்பில் அதன் யுடிஎஃப்-16 வடிவம், 2.4 பதிப்பில் யுடிஎஃப்-8 வடிவம். பழைய கோப்பில் பெயருக்குப் பதிலாகக் கேள்விக்குறிகள் தெரிந்தால் பிளேயரைக் குறை சொல்வதற்கு முன் டேக்கைத் திறந்து பாருங்கள். தகவலே அப்படித்தான் பதிந்திருக்கும், எந்தப் பிளேயருக்கு மாறினாலும் அது சரியாகாது. டேக் எடிட்டரில் ஒருமுறை திருத்தி எழுதினால் எல்லாப் பிளேயரிலும் சரியாகிவிடும்.

விண்டோஸில்

விண்டோஸுக்கு நான் முதலில் சொல்வது ஃபூபார்2000. பீட்டர் பாவ்லவ்ஸ்கி எழுதி 2002-இல் வெளியிட்டது. இன்றும் அவரே பேணி வருகிறார். 2023-இல் வந்த 2.0 பதிப்பில் 64-பிட்டும் இருண்ட தோற்றமும் கிடைத்தன. திறந்த மூல மென்பொருள் அல்ல, ஆனால் இலவசம். விளம்பரம் கிடையாது, கணக்கும் கேட்காது.

முதல்முறை திறப்பவர்களுக்கு அது வெறுமையாகத் தெரியும். சாம்பல் சன்னல், எழுத்துகள், ஒரு பட்டியல், அவ்வளவுதான். அழகில்லை என்று அங்கேயே மூடிவிடுபவர்கள் நிறையப் பேர். கொஞ்சம் பொறுங்கள் என்றுதான் அவர்களிடம் சொல்வேன். தொடக்கத்தில் அது காட்டும் தோற்றத் தெரிவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாலே அன்றாடத்துக்குப் போதுமான சன்னல் கிடைத்துவிடும். அதற்கு மேல் மாற்ற விரும்பினால், சன்னலின் ஒவ்வொரு பகுதியையும் பிரித்து வேறு இடத்தில் வைக்கலாம். மாற்றாமலேயே விட்டாலும் ஒன்றும் குறையாது.

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் எடை மட்டும் அல்ல. ஃபோல்டர் மனமும் பட்டியல் மனமும் இரண்டும் இதில் வாழலாம். இதன் ஆல்பம் பட்டியலில் பாடகர் வாரியாகப் பார்க்கும் தெரிவுக்குப் பக்கத்திலேயே ஃபோல்டர் அமைப்பின்படி பார்க்கும் தெரிவும் இருக்கிறது. ஒரே வீட்டில் ஒருவர் ஃபோல்டராகவும் இன்னொருவர் ஆல்பமாகவும் தேடினாலும் ஒரே பிளேயர் போதும். கணினியில் நிறுவாமல், ஒரு பென்டிரைவில் வைத்துக்கொண்டு ஓட்டும் முறையும் உண்டு.

எச்சரிக்கை ஒன்று. ஃபூபாரின் பெருமையே அதற்குப் பலர் எழுதிய துணைக்கூறுகள்தான். ஆனால் 32-பிட் பதிப்புக்காக எழுதிய பழைய கூறுகள் 64-பிட் பதிப்பில் வேலை செய்யாது. இணையத்தில் பார்க்கும் அழகான ஸ்கிரீன்ஷாட்டுகளை நம்பி அதே தோற்றத்தைக் கட்ட முயன்றால் பொழுது முழுக்க அதிலேயே போகும். எளிமை தேடி வந்தவர் அந்தப் பக்கம் போக வேண்டாம். இரண்டு மூன்று கூறுகளுக்கு மேல் தேவைப்படாது.

மியூசிக்பீ வேறு இனம். டேக்குகளைத் திருத்துவது, அட்டைப்படம் தேடித் தருவது, ஃபோனுக்குப் பாட்டுகளை அனுப்புவது, பாட்காஸ்ட் என்று ஒரு முழு நூலகரின் வேலையைச் செய்யும். பட்டியல் மனம் உள்ளவர், கணினியும் ஓரளவு புதியது என்றால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எளிமை என்ற தலைப்பின் கீழ் அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை. அமைப்புகளின் பக்கங்களைத் திறந்து பார்த்தால் ஏன் என்று புரியும்.

எய்ம்ப் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. நிறுவியதுமே பார்க்க நன்றாக இருக்கும், ஈக்வலைசர் கையருகே இருக்கும், பிளேலிஸ்ட்டுகள் டேப்புகளாக இருக்கும். கட்டமைக்கும் வேலையே வேண்டாம், எடுத்ததும் ஓட்ட வேண்டும் என்பவருக்கு ஃபூபாரை விட இதுதான் பொருந்தும்.

விஎல்சி ஏற்கெனவே இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பாரிஸில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் 1996-இல் தொடங்கிய திட்டத்திலிருந்து வளர்ந்த மென்பொருள் அது. கொடுத்த கோப்பு எதுவானாலும் ஓட்டிக் காட்டும். எப்போதாவது ஒரு பாட்டைத் திறந்து கேட்பவருக்கு இதற்கு மேல் வேறு எதுவும் தேவையில்லை. ஆனால் தினமும் மணிக்கணக்கில் கேட்பவருக்கு அது ஒத்துவராது. அதன் பிளேலிஸ்ட் வீடியோவை மனதில் வைத்து வடிவமைத்தது. பாட்டுத் தொகுப்பைப் பேணும் வசதி அடிப்படையானது. பாட்டுக்குப் பாட்டு இடைவெளியில்லாமல் ஓட்டுவதும் அதன் பலம் அல்ல. இன்னொன்று, அதில் சத்தத்தை நூறு விழுக்காட்டுக்கு மேலும் ஏற்றலாம். அப்படி ஏற்றினால் ஒலி உடைந்து கேட்கும். பாட்டு கரகரக்கிறது என்று ஸ்பீக்கரை மாற்றும் எண்ணத்தில் இருப்பவர்கள் முதலில் அந்த அளவைப் பாருங்கள்.

விண்டோஸ் 11-இல் 2022 முதல் வரும் புதிய மீடியா பிளேயரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. தொகுப்பு சிறியது, வேறு எதையும் நிறுவ விருப்பமில்லை என்றால் அது போதும்.

லினக்ஸில்

லினக்ஸில் தெரிவுகள் அதிகம், குழப்பமும் அதிகம். ஆனால் முதலில் கேட்ட கேள்வி இங்கேதான் நன்றாக வேலை செய்கிறது, ஏனென்றால் பிளேயர்களே அந்தக் கோட்டின் இரு பக்கமும் பிரிந்து நிற்கின்றன.

ஃபோல்டர் பக்கத்தில் ஆடேஷியஸ். விண்ஆம்பைப் பார்த்து எழுதிய எக்ஸ்எம்எம்எஸ், அதிலிருந்து பிரிந்த பீப் மீடியா பிளேயர், அதிலிருந்து 2005-இல் பிரிந்தது இது. மூன்று தலைமுறை தாண்டியும் குடும்பச் சாயல் மாறவில்லை: ஒரு பிளேலிஸ்ட், சில பொத்தான்கள், உடனடி ஒலி. ஃபோல்டரை இழுத்துப் போட்டால் ஓடும். பாட்டுக்குத் தாவும் குறுக்குவிசையைத் தட்டிப் பெயரில் சில எழுத்துகளை அடித்தால் நேராக அந்தப் பாட்டுக்குத் தாவலாம். வரிசைக்கான குறுக்குவிசையைத் தட்டினால் அடுத்த பாட்டாக வரிசையில் சேரும். இந்த இரண்டு விசைகள் பழகிவிட்டால் மவுஸைத் தொடவே தோன்றாது.

இதற்கு இரண்டு முகங்கள். 2020-இல் வந்த 4.0 பதிப்பு முதல் க்யூடி என்ற கருவித்தொகுப்பில் கட்டிய முகம்தான் இயல்பாக வருகிறது; சாதாரணச் சன்னல், டேப்புகளில் பிளேலிஸ்ட்டுகள். மற்றது பழைய விண்ஆம்ப் ஸ்கின்களை அப்படியே ஏற்கும் முகம். பழைய நினைவுக்காக அதைத் தேடிப் போகிறவர்கள் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். உயர் தெளிவுத் திரையில் அந்த ஸ்கின்கள் மிகச் சிறியதாகத் தெரியும். ஸ்கினோடு வரும் பிட்மேப் எழுத்துருவில் ஆங்கில எழுத்துகள் மட்டுமே இருக்கும். அமைப்புகளில் அந்த எழுத்துருவை நிறுத்தினால்தான் தமிழ்ப் பெயர்கள் தெரியும். க்யூடி முகத்தில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. நான் அதையே சொல்வேன்.

டெட்பீஃப் இதற்கு நெருங்கிய போட்டி. ஃபூபாரின் போக்கை விரும்பி லினக்ஸுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சேர்கிறார்கள். பட்டியலின் பத்திகளை நம் விருப்பப்படி அமைக்கலாம், சன்னலை நாமே வடிவமைக்கும் முறை உண்டு, பழைய கணினி விளையாட்டுகளின் இசை வடிவங்களைக்கூட ஓட்டும். ஆடேஷியஸா இதுவா என்றால், எதையும் மாற்றப் போவதில்லை என்பவருக்கு முன்னது, கொஞ்சம் கை வைக்க ஆசைப்படுபவருக்குப் பின்னது. எடையில் பெரிய வேறுபாடு இல்லை.

பட்டியல் பக்கத்தில் என் தேர்வு குவாட் லிபெட். பைத்தானில் எழுதியது, ஆகவே இதுவரை சொன்னவற்றை விடக் கொஞ்சம் கனம்; திறக்கும்போது ஒரு நொடி கூடுதலாக எடுத்துக்கொள்ளும். அந்த ஒரு நொடியைத் தாராளமாகத் தரலாம். காரணம் அதன் தேடல் பெட்டி. ஒரு மாதமாகக் கேட்காதவை, இன்ன இசையமைப்பாளருடையவை ஆனால் இன்ன பாடகர் பாடாதவை, ஒருமுறைகூட ஓடாதவை என்று எப்படி வேண்டுமானாலும் கேட்கலாம். டேக்கில் இருக்கும் எந்த விவரத்தையும் வைத்துத் தேடலாம், நீங்களே புதிதாக உருவாக்கிய டேக்கை வைத்துக்கூட. பெரிய தொகுப்பு வைத்திருப்பவருக்கு இதுதான் உண்மையான லேசு: மனதில் நினைத்ததற்கும் காதில் கேட்பதற்கும் நடுவே ஒரு வரி மட்டுமே.

ஸ்ட்ராபெர்ரியின் கதை நீளமானது. அமரோக் என்ற பழைய பிளேயரின் 1.4 பதிப்பை நேசித்தவர்கள் அதன் இரண்டாம் பதிப்பின் மாற்றங்களை ஏற்காமல் 2010-இல் கிளமெண்டைனை உருவாக்கினார்கள். 2016-இல் 1.3.1 வந்த பிறகு கிளமெண்டைனில் நிலையான வெளியீடு பல ஆண்டுகள் வரவில்லை. 2018-இல் அதிலிருந்து ஸ்ட்ராபெர்ரி பிரிந்தது. இடது பக்கம் தொகுப்பு, வலது பக்கம் பிளேலிஸ்ட் என்ற அந்தப் பழைய அமைப்பு பலருக்கு இன்றும் மிக இயல்பாக இருக்கிறது. குவாட் லிபெட்டின் தேடல் மொழியைக் கற்க விருப்பமில்லாத பட்டியல்காரர்களுக்கு இது நல்ல வீடு. கிளமெண்டைனையே இன்னும் வைத்திருப்பவர்கள் தயங்காமல் இதற்கு மாறலாம். பார்வைக்கும் பழக்கத்துக்கும் பெரிதாக எதுவும் மாறாது.

ரிதம்பாக்ஸ் பல லினக்ஸ் தொகுப்புகளில் முன்கூட்டியே வந்துவிடுகிறது. குறை சொல்ல ஒன்றும் இல்லை, ஈர்க்கவும் ஒன்றும் இல்லை. இருப்பது போதும் என்றால் விட்டுவிடுங்கள்.

சன்னலே வேண்டாம் என்பவர்களுக்கு

கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கும் டெர்மினலிலேயே நாளைக் கழிப்பவர்களுக்கு சிமஸ் என்ற பிளேயர் இருக்கிறது. எக்ஸ் தட்டினால் ஓடும், சி தட்டினால் தற்காலிகமாக நிற்கும், பி அடுத்த பாட்டு, இசட் முந்தைய பாட்டு. எல்லாம் கீபோர்டின் கீழ் வரிசையில் பக்கம் பக்கமாக இருப்பதால் பார்க்காமலேயே இயக்கலாம். மிகப் பழைய கணினியிலும் சளைக்காது.

தமிழர்கள் சிமஸ் பக்கம் போகும் முன் ஒன்றைச் சோதித்துக்கொள்ள வேண்டும். டெர்மினல்கள் எழுத்துகளைச் சம அகலக் கட்டங்களில் வைப்பவை. தமிழ் எழுத்து ஒன்று பல குறியீடுகள் சேர்ந்து உருவாவது. கொம்பும் காலும் தனித்தனிக் கட்டங்களுக்குப் பிரிந்துபோகும், அல்லது ஒன்றன்மேல் ஒன்று ஏறும். டெர்மினலுக்கு டெர்மினல் இது மாறுபடுகிறது. உங்கள் பாட்டுப் பெயர்கள் தமிழில் இருந்தால், முதலில் அந்த ஃபோல்டரின் பட்டியலை டெர்மினலில் காட்டச் செய்து பாருங்கள். அங்கே படிக்க முடிந்தால் பெரும்பாலும் சிமஸிலும் படிக்க முடியும். முடியாவிட்டால், எவ்வளவு லேசாக இருந்தாலும் அது உங்களுக்கு உதவாது.

பெயர்களைப் பார்க்கவே வேண்டாம், இந்த ஃபோல்டர் முழுவதும் கலந்து ஓடினால் போதும் என்றால் எம்பிவி என்ற பிளேயரே போதும். ஒரே கட்டளை, வீடியோவை நிறுத்தச் சொல்லும் ஒரு சொல், கலக்கச் சொல்லும் இன்னொரு சொல். வேலைக்குப் பின்னணியாக இசை கேட்பவர்கள் பலருக்கு இதற்கு மேல் தேவையிருக்காது.

எம்பிடி வேறொரு கேள்விக்கான விடை. 2003-இல் தொடங்கிய இது, பிளேயரை இரண்டாகப் பிரிக்கிறது. பாட்டை ஓட்டும் பகுதி பின்னணியில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். அதை இயக்கும் பகுதி வேறு எங்கும் இருக்கலாம்: அதே கணினியில், இன்னொரு கணினியில், ஃபோனில். இயக்கும் சன்னலை மூடினாலும், அது நின்றே போனாலும், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். ஸ்பீக்கரோடு இணைத்த ஒரு பழைய கணினி மூலையில் இருந்து, நீங்கள் நாற்காலியிலிருந்து அதை இயக்க விரும்பினால் இதற்கு இணை எதுவும் இல்லை. ஆனால் அமைப்புகளை ஓர் எழுத்துக் கோப்பில் நீங்களே எழுத வேண்டும். ஒரே ஒரு கணினியில் உட்கார்ந்து கேட்பவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ரேம் மிச்சமாகும், மாலை செலவாகும்.

லேசு என்பதற்காக விடக் கூடாத இரண்டு

பிளேயரைச் சின்னதாக்கும் ஆர்வத்தில் சிலர் எதையும் இழக்கத் தயாராகிவிடுகிறார்கள். இரண்டை மட்டும் இழக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன்.

ஒன்று, இடைவெளியில்லாத ஓட்டம். கச்சேரிப் பதிவுகளிலும் ஒன்றோடொன்று தொடரும் ஆல்பங்களிலும் ஒரு டிராக் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் அமைதி இருக்கக் கூடாது. எம்பி3 வடிவத்தின் அமைப்பே இதற்கு எதிரி. ஒலியை 1152 மாதிரிகள் கொண்ட சட்டங்களாகத்தான் அது வெட்டும். சிடியின் வேகத்தில் ஒரு சட்டம் சுமார் 26 மில்லிநொடி. பாட்டு சரியாகச் சட்டத்தின் விளிம்பில் முடியாதபோது மீதியை அமைதியால் நிரப்பிவிடும். தொடக்கத்திலும் கொஞ்சம் அமைதி சேரும். எம்பி3 கோப்பை உருவாக்கும் லேம் போன்ற என்கோடர்கள் எவ்வளவு அமைதி சேர்ந்தது என்பதைக் கோப்பின் தலைப்பிலேயே குறித்து வைக்கின்றன. அந்தக் குறிப்பைப் படித்து வெட்டியெறியும் பிளேயரில் இசை அறுபடாது, கைத்தட்டல் நடுவில் துண்டாகாது. ஃபூபார், ஆடேஷியஸ், டெட்பீஃப் மூன்றும் இதை நன்றாகச் செய்கின்றன. ஃபிளாக்கில் இந்தச் சிக்கலே எழாது. ஆனாலும் அடுத்த கோப்பை முன்கூட்டியே திறந்து வைக்கும் அறிவு பிளேயருக்கு வேண்டும்.

இன்னொன்று ரீப்ளேகெயின். பழைய பதிவு ஒன்று மெல்லியதாக ஓடி முடிய, அடுத்து வரும் புதிய பாட்டு காதைப் பிளக்கும் அனுபவம் எல்லோருக்கும் தெரியும். 2001-இல் முன்மொழிந்த இந்த முறையில் ஒவ்வொரு பாட்டின் கேட்கும் உரப்பையும் ஒருமுறை அளந்து, எவ்வளவு கூட்டவோ குறைக்கவோ வேண்டும் என்பதை டேக்கில் எழுதிவிடுவார்கள். ஒலித்தரவை அது தொடுவதில்லை; பிடிக்காவிட்டால் டேக்கை நீக்கினால் பழையபடி ஆகிவிடும். பாட்டுகளைக் கலந்து கேட்பவர் பாட்டு வாரி அளவையும், ஆல்பத்தை முழுதாகக் கேட்பவர் ஆல்பம் வாரி அளவையும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆல்பம் கேட்பவர் பாட்டு வாரி அளவை வைத்தால், மெல்லியதாக இருக்க வேண்டும் என்று கலைஞர் நினைத்த பாட்டும் உரக்க ஒலிக்கும். ஃபூபாரிலும் டெட்பீஃபிலும் அளக்கும் கருவி உள்ளேயே இருக்கிறது. ஒருமுறை அளந்து எழுதிவிட்டால் ரீப்ளேகெயின் தெரிந்த எந்தப் பிளேயரும் அதைப் படித்துக்கொள்ளும்.

மேக்கில்

2019-இல் வந்த கேட்டலினாவோடு ஐட்யூன்ஸ் போய் மியூசிக் செயலி வந்தது. அது ஃபிளாக் கோப்புகளைச் சேர்க்காது என்பதே பலர் மாற்று தேடக் காரணம். ஃபோல்டர் மனத்துக்கு காக். திறந்த மூலம், சின்னது, ஃபிளாக் உள்படப் பலவற்றை ஓட்டும். பட்டியல் மனத்துக்கு ஸ்வின்சியன், ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஃபூபாருக்கும் மேக் பதிப்பு உண்டு. விண்டோஸ் பதிப்பின் துணைக்கூறுகளை அதில் எதிர்பார்க்க வேண்டாம்.

மாறுவதற்கு முன்

பழைய பிளேயரில் கட்டிய பிளேலிஸ்ட்டுகளை எம்3யு8 வடிவத்தில் வெளியே எடுத்து வையுங்கள். அது வெறும் எழுத்துக் கோப்புதான்; ஒவ்வொரு வரியிலும் ஒரு பாட்டின் இருப்பிடம். கடைசியில் உள்ள எட்டு, யுடிஎஃப்-8-ஐக் குறிப்பது. தமிழ்க் கோப்புப் பெயர் இருந்தால் எட்டில்லாத பழைய எம்3யு வடிவத்தை நம்ப வேண்டாம். முடிந்தால் முழு முகவரிக்குப் பதிலாக, பிளேலிஸ்ட் இருக்கும் இடத்திலிருந்து தொடங்கும் சுருக்க முகவரியைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸிலிருந்து லினக்ஸுக்குப் போகிறவர்கள் வட்டின் எழுத்தையும் சாய்கோடுகளையும் எழுத்துத் திருத்தியில் ஒரே வீச்சில் மாற்றிவிடலாம்.

நட்சத்திர மதிப்பீடுகளும் ஓடிய கணக்குகளும்தான் சிக்கல். பல பிளேயர்கள் இவற்றைப் பாட்டுக் கோப்பில் எழுதாமல் தங்கள் சொந்தத் தரவுத்தளத்தில் வைத்துக்கொள்கின்றன. ஐட்யூன்ஸ் அப்படித்தான் செய்தது, ரிதம்பாக்ஸும் அப்படித்தான் செய்கிறது. பிளேயரை நீக்கினால் அவையும் போய்விடும். டேக்கில் எழுதும் தெரிவு இருந்தால் நீக்குவதற்கு முன் அதை இயக்குங்கள். குவாட் லிபெட்டில் அந்த வசதி இருக்கிறது. ஃபூபாரில் புள்ளிவிவரத் துணைக்கூறு வழியாகச் செய்யலாம்.

பழையதை நீக்காமலேயே புதியதை அதே ஃபோல்டரில் சில வாரங்கள் ஓட்டிப் பார்க்கலாம். இரண்டும் ஒரே கோப்புகளைப் படிப்பதில் தடையில்லை. அதற்கு முன் புதிய பிளேயரின் அமைப்புகளில் கோப்புகளைத் தானாக ஒழுங்குபடுத்தும் தெரிவு இருந்தால் அது அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டேக்கைப் பார்த்து ஃபோல்டர்களை இடம் மாற்றும் வேலை அது. தவறிப்போய் இயங்கிவிட்டால் பழைய பிளேயரின் பட்டியலும் நீங்கள் எடுத்து வைத்த எம்3யு8 கோப்புகளும் ஒரே நேரத்தில் பயனற்றுப் போகும். தொகுப்பின் நகல் ஒன்று வேறு வட்டில் இருந்தால் அதிலேயே சோதித்துப் பாருங்கள்.